பார்வையே முதல் விலை

வெள்ளக்கடையில் நாம் குடியிருக்கும் வீட்டின் முன்னறைச் சுவரில் ஒரு சிறு சித்திரம் தொங்குகிறது. ஒரு முழத்திற்கும் குறைவான தாள். அதில் கறுப்பு மையினால் எழுதப்பட்ட ஒரு சில்வர் ஓக் மரம். மரத்தைத் தழுவி ஏறும் மிளகுக் கொடி. அடியில் காப்பிச் செடிகளின் நிழல். வேறொன்றும் இல்லை. கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற இளைஞர் ஒருவர், கோடை நாளில் இம்மலைக்கு வந்து தங்கியபோது எழுதியது. அதற்கு நாம் கொடுத்த விலை நம் அரை மாதச் சம்பளம்.

காப்பித் தோட்டமும் காப்பி வணிகமும் உடைய முதியவர் ஒருவர் நம் அண்டை வீட்டார். ஒருநாள் மாலை வந்தவர் அச்சித்திரத்தைப் பார்த்தார், விலையைக் கேட்டார், கேட்டதும் திகைத்தார். “ஹஜ்ரத், இந்த மரம் நம் தோட்டத்திலே ஆயிரம் நிற்கிறதே! காசு கொடுத்துத் தாளிலே வாங்க வேண்டுமா? இதைப் போல நாலு மடங்கு பெரிய வண்ணப்படம் சேலத்துக் கடைவீதியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குமே!” என்றார். நாம் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்து அனுப்பினோம். அவர் போய்விட்டார்; அவர் கேட்ட கேள்வி போகவில்லை.

எண்ணிப் பார்த்தால் அது ஒரு கேள்வியன்று, மூன்று. இயற்கையிலே கண் முன் நிற்பதைச் சித்திரத்தில் ஏன் காண வேண்டும்? படி எடுத்த அச்சுப்படம் மலிவாகக் கிடைக்கும்போது கையால் எழுதிய மூலத்தை ஏன் நாட வேண்டும்? செல்வர்க்குரிய இப்பொழுதுபோக்கு மாதச் சம்பளக்காரனுக்கு ஏற்குமா? இம்மூன்றுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைப் பார்வை

பஸ்ராவில் 965ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். அவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூல் ஏழு பகுதிகளைக் கொண்டது. கண் எங்ஙனம் காண்கிறது என்பதை ஆராய்ந்த அப்பெருநூலில் அழகு பற்றிய ஆராய்ச்சியும் இடம்பெறுவது பலர் அறியாதது. ஒளி, நிறம், வடிவு, அளவு, தொலைவு எனக் கண்ணால் அறியப்படும் பண்புகளை இருபத்திரண்டாகப் பகுத்து, அவை தனித்தனியேயும் தம்முள் இயைந்தும் அழகை விளைவிக்கின்றன என்பது அவர் கொள்கை. எழுத்தின் அழகு எழுத்துகளின் வடிவிலும் அவை அமைந்த ஒழுங்கிலும் பிறக்கிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்.

அந்நூலில் நமக்கு இன்றியமையாத பகுதி வேறொன்று. காட்சியை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். கண் பட்ட மாத்திரத்தில் அறிவது ஒன்று. அதனைப் ‘பதீஹா’ என்பர். நின்று, உறுப்புறுப்பாகக் கண்ணை ஓட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிவது மற்றொன்று, அது ‘தஅம்முல்’. முன்னதை மேல்நோக்கு என்றும் பின்னதை ஆழ்நோக்கு என்றும் தமிழில் சொல்லலாம். ஒரு பொருளின் உண்மை வடிவம் ஆழ்நோக்கினாலன்றி உறுதிப்படாது என்பதும், ஆழ்நோக்கு மீண்டும் மீண்டும் நிகழ நிகழ அவ்வடிவம் உள்ளத்திற் பதிகிறது என்பதும் அவர் கண்ட முடிவு.

நம் அண்டை வீட்டுப் பெரியவரின் முதற்கேள்விக்கு இங்கே விடை தொடங்குகிறது. தோட்டத்தில் ஆயிரம் மரம் நிற்கலாம். அவற்றை நாம் மேல்நோக்காகவே காண்கிறோம், கடந்து போகிறோம். ஓவியன் ஒரு மரத்தின் முன் பல மணி நேரம் உட்கார்ந்து ஆழ்ந்து நோக்குகிறான். அந்த நோக்கின் பதிவே சித்திரம். அதை வாங்குகிறவன் மரத்தை வாங்கவில்லை. ஒரு மனிதன் மரத்தைப் பார்த்த பார்வையை வாங்குகிறான்.

எழுத்தும் ஓவியமும்

ஓவியக் காட்சி செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் தமிழ் மரபுக்கு அயலானது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலைப் படித்தவர் இதை அறிவர். திருப்பரங்குன்றத்திற்கு வழிபட வந்த மக்கள், அங்கிருந்த சித்திர மண்டபத்தைச் சுற்றி வருகின்றனர். காமனையும் இரதியையும் தீட்டிய சித்திரத்தைக் காட்டி ஒருவர் கேட்க, மற்றவர் விளக்குகிறார். அகலிகையின் கதையைத் தீட்டிய காட்சியை இன்னொரு கூட்டம் நின்று பார்க்கிறது. அரசர் அல்லர், புலவர் அல்லர், திருவிழாவுக்கு வந்த பொதுமக்கள். சித்திரத்தின் முன் நின்று ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்த அவர்களே தமிழ்நாட்டில் நாமறிந்த முதல் ஓவியச் சுவைஞர்கள்.

அம்மண்டபத்தைப் புலவர் ‘எழுத்து’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. பண்டைத் தமிழில் எழுத்து என்பது ஓவியத்தையும் குறித்தது. ஓவியம் ‘எழுதுதல்’ என்னும் வழக்கு இன்றும் நம்மிடம் அழியவில்லை. அரபு மொழியிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. ‘கத்து’ என்னும் அரபுச் சொல் கோட்டையும் குறிக்கும், எழுத்துக் கலையையும் குறிக்கும். இருமொழியிலும் கோடும் எழுத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மதரஸாவில் ஓதிய நாளில் நாணற்பேனாவைச் சீவி மையில் தோய்த்து எழுதப் பழகியவர் நாம். எழுத்தின் நீளத்தை நுக்தாவினால், அதாவது பேனா நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியினால் அளக்க வேண்டும் என்று உஸ்தாத் கற்பித்தார். இந்த அளவு முறையை வகுத்தவராகப் போற்றப்படுபவர் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா. கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராயிருந்த அவர், அரசியற் பகையினால் வலக்கையை இழந்தார். 940ஆம் ஆண்டு சிறையில் மாண்டார். துண்டிக்கப்பட்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அலிஃப் என்னும் ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால் இத்துணை உழைப்பும் துயரும் உண்டு என்று அறிந்தவன், எந்தக் கோட்டையும் அலட்சியமாகப் பார்க்க மாட்டான்.

பணிக்கரும் சுல்தான் அலியும்

இந்தப் பயிற்சியோடுதான் நாம் பல ஆண்டுகளுக்கு முன், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குச் சென்றோம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் எழுதிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையைச் சேர்ந்த ஓர் ஓவியத்தின் முன் நின்றோம். முதலில் எரிச்சலே மிஞ்சியது. ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள்; சிற்றெறும்பு ஊர்வது போன்ற எழுத்து வரிசைகள்; கணக்குக் குறிகள். படிக்க முயன்றோம், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஏமாற்று வேலை என்று எண்ணி அடுத்த அறைக்குப் போய்விட்டோம்.

மேல்நோக்கின் தீர்ப்பு அது. திரும்பும் வழியில் மீண்டும் அதன் முன் நின்றோம். இம்முறை படிக்க முயலவில்லை, பார்த்தோம். வரிகளின் அடர்த்தி ஓரிடத்தில் மிகுந்து, ஓரிடத்தில் தளர்ந்து, வெற்றிடத்தோடு நிறை காப்பது தெரிந்தது. பழைய அரபுத் தமிழ் ஏடு ஒன்றைத் தொலைவில் பிடித்துப் பார்த்தால் எங்ஙனம் இருக்குமோ அங்ஙனம் இருந்தது. ஒரு மாணவரின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கண்டபோது இவ்வரிசைக்கான எண்ணம் பிறந்தது என்று பணிக்கரே கூறியுள்ளார். பொருளைக் கழற்றிவிட்டு எழுத்தின் உடம்பை மட்டும் அவர் நமக்குக் காட்டுகிறார்.

இங்கே நமக்கு ஒரு மாறுபாடும் உண்டு. நம் எழுத்தணிக் கலையில் எழுத்து அழகாகும்போது பொருளும் கூடவே நிற்கிறது. கண்ணுக்கும் கருத்துக்கும் ஒரே வேளையில் விருந்து. பணிக்கரிடம் கருத்துக்கான பந்தி விரிக்கப்படவில்லை. இதனை ஒரு குறை என்று சொல்பவரோடு நாம் சண்டையிட மாட்டோம். ஆயினும், பொருள் இருப்பதனாலேயே எழுத்தின் வடிவைப் பாராமல் கடந்துபோகும் நம் பழக்கத்தை அவ்வோவியம் இடித்துக் காட்டியது.

அதே கிராமத்தில் வாழ்ந்த மற்றொருவர் ஜே. சுல்தான் அலி. 1920இல் பம்பாயில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, ரிஷி வேலிப் பள்ளியில் ஆசிரியராயிருந்து, பின்னர் சோழமண்டலத்தில் குடியேறி, 1990இல் மறைந்தவர். பழங்குடி மக்களின் கலையில் ஆழ்ந்து தோய்ந்தவர். கொம்பு வளைந்த காளை, அகன்ற கண்களையுடைய முகம், பாம்பு ஆகியவை அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைச் சூழ்ந்து எழுத்தைப் போன்ற கீறல்கள் ஓடுகின்றன. பணிக்கரின் எழுத்து ஏட்டில் அமைந்த எழுத்து. சுல்தான் அலியின் எழுத்து பச்சை குத்திய தோலில் கிடக்கும் எழுத்து. அவருடைய சில ஓவியங்களில் அக்கீறல்கள் வெறும் அணியாக நின்றுவிடுகின்றன என்பது நம் கருத்து. சிறந்தவற்றில், காளையும் எழுத்தும் ஒரே மண்ணிலிருந்து முளைத்தவை போல நிற்கின்றன. இத்தகைய கலைஞர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்து மறைந்ததை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

மார்க்கக் கண்ணோட்டம்

உருவச் சித்திரம் பற்றிய கேள்வி இங்கு எழுவது இயல்பு. உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பதை மார்க்க அறிஞர் பெரும்பாலோர் தடுத்துள்ளனர். நிழல் விழும் சிலைக்கும் தாளில் எழுதும் சித்திரத்துக்கும் வேறுபாடு கண்டோரும் உளர். படம் எழுதிப் பிழைத்த ஒருவர் வந்து வழி கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் எழுதிக்கொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தொழிலை விட்டு ஒழி என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிடாமல், அவர் கைத்திறனுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டதை நாம் எண்ணி எண்ணி மகிழ்வதுண்டு. நம் வீட்டுச் சுவரில் மரம் தொங்குவதற்கு அதுவே காரணம். கலைக்கூடத்தில் சுல்தான் அலியின் காளையை நின்று நோக்குவதற்கு அது தடையாகாது என்பது நம் துணிபு. மாறுபடுவோரை மதிக்கிறோம்.

சுவர்களில் தொங்குபவை

நம் இல்லங்களின் சுவர்கள் வெறுமையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வண்ணப்படிகளாக்கினார். அரண்மனையிலிருந்த ஓவியம் குடிசைக்கு வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜூவும் அவர்தம் மாணவர்களும் எழுதிய படங்கள் சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாய் நாடெங்கும் பரவின. நம்மவர் வீடுகளில் கஅபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும் நாகூர் மினாராக்களும் அவ்வாறே இடம்பெற்றன. இவற்றை நாம் இகழவில்லை. பாட்டனார் காலத்து நாட்காட்டியைக் கண்ணாடியிட்டுக் காத்தவர் அன்போடுதான் காத்தார்.

ஆனால் ஒரு வீட்டில் நாம் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விருந்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் பொன்னிறப் பலகையில் இயந்திரம் வார்த்த ஆயத்துல் குர்ஸி. விலை கணிசம் என்று வீட்டார் பெருமையோடு கூறினர். சற்று உற்றுப் பார்த்தபோது ஓரெழுத்தின் புள்ளி விடுபட்டிருந்தது. பல ஆண்டுகளாய் அங்கே தொங்குகிறது. அக்குடும்பத்தில் ஓதத் தெரியாதவர் எவருமில்லை. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வாங்கிய நாளில் பார்த்தவர்கள் அதற்குப் பின் பார்க்கவேயில்லை. பணம் கொடுத்துப் பெற்ற அப்பொருள் உண்மையில் அவ்வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றே நாம் சொல்வோம்.

ஒன்றை உடையவர் ஆவதற்கு முதல் விலை பணமன்று, பார்வை. பார்வை கொடுக்காமல் பணம் மட்டும் கொடுத்தவர், ஆணியில் ஒரு பாரத்தை மாட்டியவரே ஆவார். பணம் கொடுக்க இயலாமல் பார்வை மட்டும் கொடுத்தவர், பாதிக்கு மேல் வாங்கிவிட்டார்.

வாங்குவோர் இல்லாத கலை

அப்படியாயின் பார்த்தாலே போதுமே, வாங்குவானேன் என்று கேட்கலாம். அதற்கும் சோழமண்டலமே விடை. 1966இல் பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் கடற்கரை மணலில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கி அக்கிராமத்தை அமைத்தனர். நிலத்துக்கான பணம் அவர்களுடைய ஓவியங்களை விற்று வந்ததன்று. மெழுகும் சாயமும் கொண்டு துணியில் ‘பாத்திக்’ வேலை செய்தும், பிற கைவினைப் பொருள்கள் செய்தும் விற்றுச் சேர்த்த பணம் அது. அன்று ஓவியத்தை வாங்குவார் அரிது. துணியை வாங்குவார் உண்டு. பகலில் கைவினையால் வயிற்றைக் காத்து, எஞ்சிய நேரத்தில் ஓவியத்தைக் காத்தனர். அவர்தம் உழைப்பின் சான்றாக 2009இல் அங்கே ஒரு தற்காலக் கலைக்கூடமும் எழுந்தது.

எல்லோரும் கரையேறவில்லை. கே. ராமானுஜம் என்னும் இளைஞர் அக்கிராமத்தில் வாழ்ந்தவர். கனவில் காணும் மாளிகைகளையும் விந்தை உயிர்களையும் நுண்ணிய மைக்கோடுகளால் இழை இழையாய் எழுதியவர். வறுமையும் தனிமையும் மனநோயும் அவரை வாட்டின. 1973இல், முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் கையெழுதிய தாள்கள் இன்று ஏலக்கூடங்களில் இலட்சக்கணக்கில் விலைபோகின்றன. அன்று யாரேனும் சிலர் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வாங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை; மனநோயின் காரணங்கள் அத்துணை எளியவையல்ல. உயிரோடிருந்தபோது அவர் கோட்டை ஆழ்ந்து நோக்கியவர் சிலரே என்பதுதான் நம்மை உறுத்துகிறது. இறந்தோரின் ஓவியத்துக்குச் செல்வர் விலை கொடுப்பர். வாழ்வோரின் ஓவியத்துக்கு நம்மைப் போன்றோர் கொடுக்கும் சிறுவிலையே சோறு.

அஞ்சலகத் தொழிலாளரின் கலைக்கூடம்

சம்பளக்காரனுக்கு இது கூடுமா என்னும் மூன்றாம் கேள்விக்கு நியூயார்க் நகரத்துத் தம்பதியர் இருவர் வாழ்ந்து விடை சொன்னார்கள். ஹெர்பர்ட் வோகல் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் தொழிலாளி; அவர் மனைவி டாரதி நூலகர். 1962இல் மணம் புரிந்தனர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தினர்; கணவரின் சம்பளத்தில் ஓவியம் வாங்கினர். தம் வருவாய்க்கு எட்டும் விலையாய் இருக்க வேண்டும், தம் சிறு வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற இரண்டே விதிகள். பெயர் பெறாத இளங்கலைஞர்களை அவர்தம் பணியிடத்திற்கே சென்று கண்டனர். தவணையில் பணம் செலுத்தினர். ஒரே படுக்கையறை கொண்ட அவ்வீட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்தன.

விற்றிருந்தால் பெருஞ்செல்வராகி இருப்பர். அவர்களோ 1992இல் அத்தொகுப்பை வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு அளிக்க இசைந்தனர். 2008இல் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஐம்பது வீதம் படைப்புகள் பகிர்ந்தளிக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஹெர்பர்ட் 2012இல் மறைந்தார். நாம் நாலாயிரம் சேர்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்று, அல்லது வாழ்நாளில் மூன்று போதும். அவர்களிடம் கற்க வேண்டியது எண்ணிக்கையன்று. வாரந்தோறும் சென்று பார்த்த பொறுமை.

பட்டு அறிந்தவை

நாம் பட்டு அறிந்த சிலவற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

காட்சிக்கூடத்துக்குச் சென்றால் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டா. ஒரு சுற்றுச் சுற்றி, கண் தானே திரும்பும் ஒன்றன் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டு நகர்வோர் இன்று மிகுதி; வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் வீட்டிலும் பார்ப்பதில்லை. பெயர்ச்சீட்டைக் கடைசியாகப் படியுங்கள். சென்னையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையமும், 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியின் வழிவந்த எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியும் பொதுமக்கள் அறிய வேண்டிய இடங்கள். கொச்சியில் 2012இல் தொடங்கிய பன்னாட்டுக் கலைவிழாவில் மீனவரும் பள்ளிச் சிறுவரும் கலைஞரோடு கலந்து நின்று பார்ப்பதைக் காணலாம். பரிபாடல் மண்டபம் நினைவுக்கு வரும்.

வாங்க எண்ணினால் முதல் நாளே வாங்காதீர்கள். வீடு திரும்பிய பின்னும் நினைவில் நிற்கிறதா என்று பாருங்கள். மீண்டும் சென்று பாருங்கள். எண்ணெய் வண்ண ஓவியம் எட்டாவிடில் கோட்டுச் சித்திரம் எட்டும். அதுவும் எட்டாவிடில் செப்புத் தகட்டிலோ மரப்பலகையிலோ கலைஞரே செதுக்கித் தாமே அச்சிட்ட படி எட்டும். அத்தகைய படியின் அடியில் பென்சிலால் 7/25 என்பது போல் எண் இருக்கும். இருபத்தைந்து படிகளுள் இது ஏழாவது என்பது பொருள். கீழே கலைஞரின் கையொப்பம் இருக்கும். பொறியில் ஆயிரக்கணக்கில் அடித்த வண்ணப்படத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. விலையைக் கேட்க வெட்கப்பட வேண்டா. தவணை கேட்பதும் இழுக்கன்று. காய்கறிச் சந்தையில் போல் அடித்துப் பேரம் பேசுவதுதான் இழுக்கு. இரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

நாளை விலை ஏறும் என்று எண்ணி வாங்காதீர்கள். ஏறாமல் போகும் ஓவியங்களே மிகுதி. ஏறும் என்று காத்திருப்பவன் ஓவியத்தைப் பார்ப்பதில்லை, சந்தையைப் பார்க்கிறான்.

வாங்கிய பின் காப்பது மற்றொரு கடமை. இதில் நாம் பிழை செய்தவர். நாம் முதன்முதலில் வாங்கிய நீர்வண்ணச் சித்திரத்தைக் கண்ணாடியோடு ஒட்டியபடி சட்டமிட்டு, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டினோம். இம்மலையின் மூடுபனி எந்தக் கதவுக்கும் அடங்காது. இரண்டு மழைக்காலம் சென்றபின் எடுத்துப் பார்த்தால், தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வானம் இருந்த இடத்தில் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சணமும். எழுதியவரிடம் சொல்ல நாவெழவில்லை. இப்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அமிலம் கலவாத அட்டைச் சட்டம் வைக்கிறோம். சட்டத்தின் பின்புறம் சுவரைத் தொடாதபடி மூலைகளில் தக்கை வைக்கிறோம். வெயில் நேராக விழாத உட்சுவரில் மாட்டுகிறோம். ஆண்டுக்கு இருமுறை கழற்றிப் பூஞ்சணமோ பூச்சியோ உண்டா என்று பார்க்கிறோம். அப்படிக் கழற்றிப் பார்க்கும் நாளும் ஓர் ஆழ்நோக்கு நாள்தான்.

மலையைப் பார்த்தவர்கள்

சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த டக்ளஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆனைமலை, பழனிமலை இவற்றோடு நம் சேர்வராயன் மலையையும் கோட்டுச் சித்திரங்களாக எழுதினார். தேர்ந்த கை. ஆயினும் அது வந்துபோகும் ஆட்சியாளரின் கண்; முகடுகளும் பள்ளத்தாக்குகளும் தொலைவிலிருந்து தெரிகின்றன. மரத்தின் அருகில் உட்கார்ந்து பார்த்த கண்ணை நாம் நெடுநாள் காணவில்லை. கும்பகோணத்தில் பயின்ற அவ்விளைஞரின் சிறு தாளை நாம் விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்ற மாதம் அண்டை வீட்டுப் பெரியவர் மீண்டும் வந்தார். நாம் உள்ளே காப்பி கொண்டுவரச் சென்றிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. சித்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தவர், “ஹஜ்ரத், இந்த மரத்துக்கு இன்னும் கிளை கழிக்கவில்லை. மழைக்கு முன்னாலே நிழல் கழிப்போமே, அதற்கு முந்திய கோலம் இது. சித்திரையிலே எழுதியிருப்பான் பிள்ளை. கொடியைப் பாருங்கள், வெயில் படாத பக்கமாகவே ஏறியிருக்கிறது” என்றார்.

இரண்டு ஆண்டுகளாய் நாள்தோறும் அதைப் பார்த்து வந்தவர் நாம். கிளையும் காணவில்லை; கொடி ஏறிய பக்கமும் காணவில்லை. இருபத்திரண்டு பண்புகளைப் பற்றிப் பாடம் சொல்லும் நமக்குத் தோட்டக்காரரின் கண் ஒரு பாடம் சொன்னது. “நீங்கள் சொன்ன பிறகுதான் தெரிகிறது பாய்” என்றோம். அவர் மறுமொழி கூறாமல் மீண்டும் பார்க்கத் தொடங்கினார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

விலை கொடுத்தவர் நாம். அன்று மாலை அச்சித்திரத்தில் பங்கு பெற்றவர் இருவர். கலைக்கு இதைவிடப் பெரிய பயன் உண்டோ என்பதை அன்பர்களே கூறுவார்களாக. காணும் கண்ணை அளித்த இறைவன், காண்பதற்கான பொறுமையையும் நமக்கு அளிப்பானாக!